கூரை மாற்றுவதற்குத் தனிப் படிவம் வேண்டும்

தமிழ்நாடு அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும், உள்ளாட்சி அமைப்புகளில் கட்டட அனுமதி வழங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். கடலூர் மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றில் என் தாயார் குடியிருக்கும் நாட்டு ஓட்டு வீட்டின் கூரையை மாற்ற, ஆவணியிலிருந்து கார்த்திகை வரை அலைந்துவிட்டு இந்த மடலை எழுதுகிறேன். மண் சாந்தில் செங்கல் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசிய சுவர்களும், பனங்கைகளின் (பனைமரச் சட்டங்களின்) மேல் இரட்டையாக வேய்ந்த ஓடுகளுமாக என் பாட்டனார் எழுப்பிய வீடு அது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பாதி ஓடுகள் பறந்துபோயின; மிஞ்சியதைப் பொறுக்கி அடுக்கி மறுபடி வேய்ந்தோம். இப்போது பனங்கையின் சுவரோர முனையைக் கட்டைவிரலால் அழுத்தினாலே கரையான் மண்ணாக உதிர்கிறது.

ஓட்டுக்குப் பதில் கான்கிரீட் போடுவதென்றால் அது புதுக் கட்டடக் கணக்கில்தான் வரும், ஆகவே பழைய அனுமதி வரைபடத்தைக் கொண்டு வாருங்கள் என்று முதல் நாள் சொன்னார்கள். அந்த வீடு எழுந்த காலத்தில் எங்கள் ஊரில் வரைபடம் போட்டு வீடு கட்டியவர் எவருமில்லை. பட்டாவும் பல்லாண்டு வீட்டு வரி ரசீதுகளும் கையில் இருந்தும் அவற்றை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. அடுத்த முறை பொறியாளரிடம் புதிதாக வரைந்து கொண்டு போனேன். பக்கவாட்டில் விடவேண்டிய இடம் விடப்படவில்லை என்று திருப்பிவிட்டார்கள். சுவரை ஓர் அங்குலம்கூட நகர்த்தப் போவதில்லை என்று சொன்னதற்குப் பதில் இல்லை. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூடத்தின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, என் தாயாரின் கட்டிலை மழை ஒழுகாத மூலைக்கு நகர்த்தினோம்.

அனுமதியே தேவையில்லை என்று நான் வாதாட வரவில்லை. இரட்டை வரிசை நாட்டு ஓட்டுக் கூரை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 120 கிலோ எடையுள்ளது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளமோ, மேலே பதிக்கும் தட்டோடுகளின் எடையைச் சேர்க்காமலே 300 கிலோவைத் தாண்டும். மண் சாந்துச் சுவர் அந்தப் பாரத்தைத் தாங்குமா, தூண் எழுப்பித்தான் தளம் போடவேண்டுமா என்பதைத் தகுதியுள்ள ஒருவர் நேரில் வந்து பார்த்தே ஆகவேண்டும். நான் ஏறி இறங்கிய இத்தனை நாளில் என்னிடம் கேட்கப்படாத ஒரே கேள்வி அதுதான். வீட்டிலிருப்பவரின் உயிரோடு தொடர்புடைய கேள்வியை விட்டுவிட்டு, இல்லாத காகிதத்தைக் கேட்டு மூன்று மாதம் போய்விட்டது என்பதே என் ஆற்றாமை.

ஓடு மாற்றுவதற்கும் கூரையை மறுபடி வேய்வதற்கும் அனுமதி தேவையில்லை என்பது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு காட்டும் வழி. கைமரத்தை மாற்றி மறுபடி ஓடே வேய நினைப்பவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் எங்கள் ஊரில் அவரும் எதற்கும் கேட்டுவிடுவோம் என்று அலுவலகத்துக்குப் போய், ஆளுக்கொரு பதிலோடு திரும்புகிறார். எந்த வேலைக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை ஒவ்வோர் அலுவலக வாசலிலும் தமிழில் எழுதி வைக்க வேண்டுகிறேன்.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை புது வீடு கட்டுவோர் சுயசான்று அளித்து உடனடியாக அனுமதி பெற நீங்களே வழி செய்திருக்கிறீர்கள். அதே நம்பிக்கையைப் பழைய வீட்டுக்காரர் மீதும் வைத்து, கூரை மாற்றத்துக்கென்று தனிப் படிவம் ஒன்றை ஏற்படுத்துங்கள். வரைபடம் இல்லாத வீட்டுக்குப் பழைய வரி ரசீதையே சான்றாக ஏற்றுக்கொள்ளலாம். சுவர்கள் இருந்த இடத்திலேயே இருக்குமானால் பக்க இடைவெளியைக் காரணம் காட்டித் திருப்பக் கூடாது. சுவரின் தாங்குதிறனுக்குப் பொறியாளரின் சான்று கட்டாயமாகட்டும். அதற்கான கட்டணத்தைச் செலுத்த நான் தயார். ஆவணியில் மனுக் கொடுத்தவர் ஐப்பசிக்குள் தளம் போட்டு முடிக்கும்படி பதினைந்து நாள் கெடு வையுங்கள்.

தை பிறந்து மழை விட்டதும் நான் மறுபடி விண்ணப்பிக்க இருக்கிறேன். இம்முறை வரைபடத்தைக் கேட்பதற்கு முன், சுவரைப் பார்க்க ஒருவரை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டத்து வீட்டுக்காரர் ஒருவர்