மாப்ளைக்கு ஒரு பதில்: ஆட் பிளாக்கரும் உன் தளமும்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுவதும் கடைக்கு ஓடுவதுமாக நாள் போய்விட்டது. இப்போது பேப்பரைக் கையில் எடுத்துத் தானே படிக்கிறாள். உன் மகளுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததைச் சொன்னதும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "மஞ்சக் காட்டுல வளர்ந்த புள்ள, வேற எதைப் படிக்கும்?" என்றாள். பாப்பாவிடம் எங்கள் வாழ்த்தைச் சொல்.

இனி உன் தளத்தின் விஷயம். ஆட் பிளாக்கர் (விளம்பரத்தைத் தடுக்கும் மென்பொருள்) போட்டிருப்பவர்களைக் கண்டுபிடித்து, அதை அணைத்தால்தான் கட்டுரை தெரியும் என்று தடுப்பு வைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். "ஓசியில் படிக்கிறவனுக்கு நான் ஏன் ராத்திரி கண் விழிக்கணும்?" என்ற வரியில் உன் மனசு தெரிந்தது. வருஷக்கணக்காக ஈரோட்டுச் சந்தை விலையையும் பயிர் நோயையும் தமிழில் எழுதுகிறாய். தளத்தை நெட்டில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் செலவு கைக்காசு. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான். அதுவரை நீ பட்ட பாடும் தெரியும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும், அதற்கு எத்தனை மாதம் காத்திருக்கிறாய் என்பதும் தெரியும். அப்படியும் சொல்கிறேன், அந்தத் தடுப்பை வைக்காதே.

அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டிருந்தாய். பக்கத்தில் ஒரு காலிப் பெட்டியை வைத்து, விளம்பரம் என்று தோன்றும்படி அதற்குப் பெயர் கொடுப்பார்கள். பிளாக்கர் அந்தப் பெயரைப் பார்த்ததும் பெட்டியை மறைத்துவிடும். உடனே பக்கத்துக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) பெட்டியின் உயரத்தை அளக்கும். பூஜ்யம் வந்தால் ஆள் அகப்பட்டார். இன்னொரு வழி, விளம்பரக் கோப்பு போலப் பெயர் வைத்த ஒரு சின்ன ஃபைலை இறக்கிப் பார்ப்பது. இறங்கவில்லை என்றால் பிளாக்கர் இருக்கிறது என்று முடிவு கட்டுவது. இந்த இரண்டாவது வழியில்தான் உனக்குத் தலைவலி. சிக்னல் சரியில்லாத காட்டில் நின்று பார்க்கிறவருக்கும் அந்த ஃபைல் இறங்காது. காலேஜ், ஆபீஸ் வைஃபையிலேயே விளம்பரத்தைத் தடுத்து வைத்திருந்தாலும் இறங்காது. எதையும் போடாதவரிடம் போய் "பிளாக்கரை அணை" என்றால் அவர் எதை அணைப்பார்? பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். நிஜமாகவே பிளாக்கர் வைத்திருக்கிறவருக்கோ, எதையெல்லாம் தடுக்கணும் என்று பிளாக்கருக்குச் சொல்லும் பட்டியலில் அந்தத் தடுப்பையும் உடைக்கும் விதி சீக்கிரமே வந்து சேர்ந்துவிடும்.

ஆனால் நான் வேண்டாம் என்பது இதற்காக மட்டுமில்லை. போன மாதம் என் கடைக்கு ரிட்டையர்டு தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். போன் சுடுகிறது, சார்ஜ் நிற்கவில்லை என்றார். வாங்கிப் பார்த்தால் நோட்டிஃபிகேஷன் வரிசைகட்டி நிற்கிறது. "உங்கள் போனில் வைரஸ்", "உடனே சுத்தம் செய்யவும்", நடுநடுவே ரம்மி. ஏதோ ஒரு பக்கத்தில் "தொடர்ந்து படிக்க அலோ அழுத்தவும்" என்று வந்த பெட்டியை அழுத்தியிருக்கிறார். பின்னாலேயே கிளீனர் என்ற பெயரில் ஒரு ஆப்பும் இறங்கியிருக்கிறது. குரோம் செட்டிங்ஸுக்குள் போய் ஒவ்வொரு தளத்தின் அனுமதியையும் எடுத்துவிட்டு, ஆப்பை நீக்கிவிட்டு, பயர்பாக்ஸ் பிரவுசரைப் போட்டு அதில் யுபிளாக் ஆரிஜின் என்ற பிளாக்கரையும் சேர்த்துக் கொடுத்தேன். "விளம்பரம் வந்தா வரட்டும் தம்பி, இந்த மாதிரி வராம இருந்தா போதும்" என்றார். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் இவரைப் போலத்தான். காசு கொடுக்காமல் தப்பிக்கும் எண்ணமே அவர்களுக்குக் கிடையாது, பயந்து போயிருக்கிறார்கள். உன் தளத்தில் தடுப்பு வைத்தால் முதலில் போய் முட்டுவது அவர்கள்தான்.

பெயர் தெரியாத சில்லறைத் தளங்களில்தான் இப்படி நடக்கும் என்று நினைத்துவிடாதே. ஃபோர்ப்ஸ் இதழின் தளம் பிளாக்கரை அணைத்துவிட்டு உள்ளே வரச் சொல்லிக்கொண்டிருந்த நேரம், 2016 ஜனவரி. அப்படியே அணைத்துவிட்டுப் போன பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர், உடனே பாப்-அண்டர் (பக்கத்துக்குப் பின்னால் தனி ஜன்னலில் திறக்கும்) விளம்பரம் வழியாகத் தனக்குத் தீங்கான மென்பொருள் நீட்டப்பட்டதை வெளியிட்டார். அதே வருஷம் மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி, எம்எஸ்என் மாதிரி பெரிய தளங்களின் விளம்பர இடங்களுக்குள்ளேயே ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) பரப்பும் விளம்பரங்கள் புகுந்துவிட்டன. அந்தத் தளங்களின் ஆசிரியர்கள் யாருக்கும் எந்த விளம்பரம் யாருக்குப் போகிறது என்று தெரியாது. பக்கம் திறக்கும் அந்தக் கணத்தில் எங்கோ ஏலம் நடக்கிறது, ஜெயித்தவன் விளம்பரம் வந்து உட்கார்கிறது. உன் பக்கத்திலும் இதேதான். தேடுபொறி விளம்பரங்களில் போலி நிறுவனங்கள் பெருகியதைப் பார்த்து, ஆட் பிளாக்கர் பயன்படுத்துங்கள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே பொது அறிவிப்பு கொடுத்தது.

அதனால் என் கணக்கு இதுதான்: காவலை எடுத்துவிட்டு வா என்று சொல்கிறவர், உள்ளே வருவது எதுவானாலும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். உன்னால் ஏற்க முடியுமா?

உன் பக்கத்தைக் கடையில் ஒரு சாதாரண போனில், பிளாக்கர் எதுவும் இல்லாமல் திறந்து பார்த்தேன். மஞ்சள் இலைப்புள்ளி நோய்க் கட்டுரை. நல்ல படம், தெளிவான எழுத்து. மருந்தின் பெயர் வரும் இடத்துக்குப் போனதும் திரை முழுக்க ஒரு விளம்பரம். மூடும் குறி மூலையில் கடுகளவு. மூடினால் கீழே ஒட்டிக்கொண்டு இன்னொன்று. மருந்தின் பெயருக்கும் லிட்டருக்கு எவ்வளவு கலப்பது என்ற வரிக்கும் நடுவில் பச்சை நிறத்தில் "டவுன்லோடு" பொத்தான். அளவு அடுத்த பக்கத்தில் இருக்கிறது போல என்று நானே ஒரு நொடி நினைத்தேன். தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு பார்க்கிற விவசாயி அதை அழுத்தத்தானே செய்வார்? நீ எழுதிய வரிகளிலேயே முக்கியமானது அந்த அளவுதான் மாப்ள. அதற்கு மேலே அந்தப் பொத்தானை விட்டுவைக்கலாமா?

டேட்டாவும் இருக்கிறது. நியூயார்க் டைம்ஸ் 2015-ல் 50 செய்தித் தளங்களைச் சோதித்தபோது, மொபைலில் இறங்கிய டேட்டாவில் பாதிக்கும் மேல் விளம்பரமும் அது சார்ந்ததும்தான். அது வாசகனின் ரீசார்ஜ் காசு. ஓசியில் படிக்கிறான் என்று நாம் சொல்லும்போது இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

உன் பக்கத்து நியாயம் தெரியாமல் சொல்லவில்லை. கட்டுரைகளைச் சேமித்துப் பிறகு படிக்க உதவும் இன்ஸ்டாபேப்பர் ஆப்பை உருவாக்கிய மார்கோ ஆர்மென்ட், 2015 செப்டம்பரில் ஐபோனுக்கு 'பீஸ்' என்று ஒரு பிளாக்கரை வெளியிட்டார். அமெரிக்காவில் காசு கொடுத்து வாங்கும் ஆப்களில் அது முதலிடத்துக்குப் போனது. இரண்டே நாளில் அவரே அதை எடுத்துவிட்டார். நிறையப் பேருக்கு நன்மை செய்யும் பொருள்தான், ஆனால் அடி வாங்க வேண்டியில்லாத பலரையும் சேர்த்து அடிக்கிறது என்று காரணம் எழுதினார். பணம் கொட்டும் நேரத்தில் அப்படி நிறுத்த எத்தனை பேருக்கு மனசு வரும்? அடி வாங்கக்கூடாத அந்தப் பலரில் நீயும் ஒருவன். அதனால்தான், பிளாக்கர் போட்டுக் கொடுக்கும்போதே, நம்பகமான தளத்துக்கு அதை எப்படி விலக்கி வைப்பது என்றும் வாடிக்கையாளருக்குக் காட்டிவிடுகிறேன். தடுப்பதையும் தொழிலாக வைத்துக்கொண்டு, பெரிய நிறுவனங்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்கள் விளம்பரத்துக்கு வழிவிடும் ஆட்பிளாக் பிளஸ் என்ற பிளாக்கரின் ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. யுபிளாக் ஆரிஜினை எழுதிய ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை. நான் அதைச் சிபாரிசு செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டாய். பெரிய வழக்கு ஜெர்மனியில் நடந்தது. பில்ட் பத்திரிகையை நடத்தும் ஆக்ஸல் ஸ்பிரிங்கர், ஆட்பிளாக் பிளஸை நடத்தும் 'ஐயோ' (Eyeo) என்ற நிறுவனத்தின் மேல் போட்டது. பிளாக்கர் விற்பது முறையற்ற போட்டி ஆகாது என்று 2018 ஏப்ரல் 19 அன்று அந்நாட்டு உச்ச சிவில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிளாக்கர் வைத்திருப்பவரை உள்ளே விடாமல் இருக்கும் வழி பதிப்பாளருக்கும் உண்டு என்றது. பில்ட் 2015-லேயே அதைச் செய்துவிட்டது. பதிப்புரிமையை வைத்துப் போட்ட இன்னொரு வழக்கு 2025 ஜூலையில் மறு விசாரணைக்கு ஹாம்பர்க் நீதிமன்றத்துக்குப் போனது. ஆக, தடுப்பு வைக்க உனக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவே இல்லை.

நான் உன் இடத்தில் இருந்தால் முதலில் ஆட்சென்ஸில் முழுத்திரை விளம்பரத்தையும் கீழே ஒட்டுவதையும் அணைப்பேன். ரம்மி, கடன் ஆப், கிளீனர் வகையறாக்களை முடிந்தவரை தடை செய்வேன். மருந்து அளவு வரும் பத்திகளுக்கு நடுவில் எதையும் விட மாட்டேன். பிறகு பிளாக்கர் இருப்பவருக்குக் கட்டுரையின் அடியில் நாலு வரி, உன் கைப்பட எழுதியது: யார் எழுதுகிறார்கள், என்ன செலவாகிறது, விலக்கு கொடுத்தால் எந்த விளம்பரம் தெரியும், எது தெரியாது, விருப்பம் இருந்தால் யுபிஐயில் எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று. மூடும் பொத்தான் பெரிதாக இருக்கட்டும். மூடியவரிடம் அன்றைக்கு மறுபடி கேட்காதே.

இதோடு உள்ளூர் விளம்பரம் பிடி. மண்டிக்காரர், நாற்றுப் பண்ணை, சொட்டுநீர்க் குழாய்க் கடை எல்லாம் உனக்குத் தெரிந்தவர்கள். ஒரு படம், ஒரு போன் நம்பர், மேலே "விளம்பரம்" என்று தெளிவாக எழுத்து; வாசகரைப் பின்தொடரும் ஸ்கிரிப்ட் எதுவும் வேண்டாம். அது உன் சர்வரிலிருந்தே போகும், யார் கொடுத்தது என்று உனக்குத் தெரியும், ஏதாவது கோளாறு என்றால் நீயே அன்றைக்கே எடுத்துவிடலாம். பெரும்பாலான பிளாக்கர்கள் அதைத் தொடாது. மாதத்துக்கு மூன்று கடை கிடைத்தாலே ஹோஸ்டிங் செலவு கட்டிவிடும் என்று நினைக்கிறேன்.

உன் தளத்தின் டெம்ப்ளேட்டை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அன்று உட்கார்ந்து தேவையில்லாத ஸ்கிரிப்டுகளை எடுத்துத் தருகிறேன். எந்தெந்தக் கட்டுரை அதிகம் படிக்கப்படுகிறது என்ற பட்டியலும் வேண்டும், முதலில் அவற்றைச் சுத்தம் செய்வோம். மண்டியில் பேசும்போது என்ன விலை சொல்லப் போகிறாய் என்றும் எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்,
திண்டுக்கல்