இன்ஹேலரை நிறுத்த வைத்த மஞ்சள் மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாள்பட்ட இளைப்பு உள்ளவர்களுக்கு மஞ்சள் மாத்திரை நுரையீரல் அழற்சியைக் குறைக்கும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அம்மா முப்பது வருஷம் பீடி சுற்றியவர். முக்கூடல் பக்கம் எத்தனையோ வீடுகளில் அதுதான் பிழைப்பு. முறத்தை மடியில் வைத்துக் குனிந்தபடி பகல் முழுக்கப் புகையிலைத் தூளைச் சுவாசித்தது போதாதென்று விறகடுப்புப் புகை வேறு. பீடியை ஒரு நாளும் வாயில் வைக்காத அம்மாவுக்கு சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்ட இளைப்பைத் தரும் நுரையீரல் நோய் என்று டாக்டர் சொன்னபோது எங்களால் நம்பவே முடியவில்லை. இன்ஹேலரும், ராத்திரி மூச்சுக்குழாயை விரிக்கிற தியோபிலின் மாத்திரை ஒன்றுமாக ஓரளவு சமாளித்துவந்தார்.

போன மார்கழியில் தெரிந்தவர் ஒருவர் மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். "மஞ்சள்தானலே, அது என்ன செஞ்சிரப் போவுது" என்று அம்மா தினம் இரண்டு போட ஆரம்பித்து, முதல் வாரம் நெஞ்சு லேசான மாதிரி இருக்கவும் இன்ஹேலரையே நிறுத்திவிட்டார், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது வாரம் படபடப்பு, வாந்தி, கை நடுக்கம், அதோடு பேச முடியாத இளைப்பு. நடுராத்திரி ஆட்டோ பிடித்து ஓடினோம்.

இளைப்பு கூடியது இன்ஹேலரை விட்டதால் என்றார் டாக்டர். படபடப்புக்கும் வாந்திக்கும், கேப்சூலில் இருந்த மிளகுச் சத்து தியோபிலினோடு மோதியது காரணமாக இருக்கலாம் என்றார். மஞ்சளில் உள்ள குர்க்குமின் லேசில் ரத்தத்தில் சேராது. மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் அது 20 மடங்கு கூடுகிறது என்று 1998இல் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள், அதிலிருந்துதான் இந்தச் சேர்க்கை பிரபலமானது. ஆனால் அதே பைப்பரின் மற்ற மருந்துகளைக் கல்லீரல் கழித்துவிடும் வேலையையும் மந்தமாக்கும். தியோபிலின் ரத்தத்தில் கொஞ்சம் கூடினாலே வாந்தி, படபடப்பு. ரொம்பக் கூடினால் வலிப்பு வரைக்கும் போகும்.

ரசத்திலும் பாலிலும் போடுகிற மஞ்சளை நான் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் சளி பிடித்தால் எங்கள் வீட்டில் மஞ்சள் பால்தான். ஆனால் மஞ்சள் தூளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு போல இருக்கும், 500 மில்லிகிராம் கேப்சூலில் 95 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு கேப்சூல் ஏறத்தாழ ஐந்து டீஸ்பூன் தூளுக்குச் சமம். எந்த அம்மா ஒரு நாளைக்குப் பத்து டீஸ்பூன் மஞ்சளைக் குழம்பில் போடுவாள்? இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இத்தகைய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர வேண்டி வந்திருக்கிறது.

குர்க்குமின் அழற்சியைத் தணிப்பது ஆய்வுக்கூடத்துச் செல்களிலும் எலிகளிலும் பார்த்த உண்மை. கட்டுரை அதைச் சொல்லிவிட்டு அங்கிருந்து நேராக நோயாளிக்குத் தாவிவிட்டது. சி.ஓ.பி.டி.க்கு அது இன்ஹேலரின் இடத்தைப் பிடிக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை, அதை நீங்கள் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம் போட்டாவது இதை எழுதுங்கள்: தியோபிலினோ, ரத்தம் உறையாமல் தடுக்கிற மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மஞ்சள் கேப்சூலைத் தொடக் கூடாது, ஏற்கெனவே போடுகிறவர்கள் டப்பாவைக் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும், எது எப்படியானாலும் இன்ஹேலரைத் தானாக நிறுத்தக் கூடாது. பெரிய எழுத்தில் போட்டால் நல்லது, அம்மாவைப் போன்றவர்களுக்குக் கண் பார்வையும் மட்டுதான்.

எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று வீட்டில் அதே டப்பா இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்