சிமெண்ட் சீட்டை மட்டும் வாங்காதே

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். உன் ஊட்டுக்காரருக்குச் சர்க்கரை இறங்கியதா, நம் ஒல்லி தன் பேரனுக்கு என்ன பேர் வைத்தாள் என்பதெல்லாம் அடுத்த கடிதத்தில் எழுது. இப்போது அவசரம் வேறு. கடைசிப் பக்கத்து ஓரத்தில் கொசுறு மாதிரி ஒரு வரி எழுதியிருந்தாயே, ஆட்டுப்பட்டிக் கூரைக்கு, மூடிக் கிடக்கிற தறிக்குடோனில் இருந்து கொழுந்தனார் சிமெண்ட் சீட்டு சும்மா தருகிறார் என்று, அதை மட்டும் வாங்காதே. ஏன் என்று பின்னால் எழுதுகிறேன். இடிக்கிற பழைய ஊட்டில் இருந்து நீ வாங்குகிற ஓடு, மரம், கல் மற்றதெல்லாம் தங்கமான சரக்கு. பழைய ஊட்டை இடிக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியாதது உன் யோகம்.

அந்தச் சாமானை வைத்துக் கட்டப்போகிற சாளைக்கு, அந்தச் சின்ன ஊட்டுக்கு, பிளான் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருந்தாய். பழைய சாமானில் கட்டும்போது பிளான் கடைசியில்தான் வரும். முதலில் மரம் எத்தனை அடி, ஓடு எத்தனை என்று பார். டிராயிங் வாத்தியார் கேட்டால் ஸ்கேலால் அடிப்பார், பரவாயில்லை. நீ எழுதிய கணக்குப்படி பனங்கை, அதாவது மோட்டில் இருந்து சரிவாக இறங்குகிற பனஞ்சட்டம், 32, ஒவ்வொன்றும் 10½ அடி. சுவருக்குள் இருந்த முனை எப்படியும் மக்கியிருக்கும், ஒரு அடி வெட்டித் தள்ளு. மிச்சம் 9½ அடி. உன் சாளையின் அகலத்தைத் தீர்மானிப்பது அந்த 9½ அடிதான். வெளி அளவு 12 அடி அகலம், இரண்டு பக்கமும் 2 அடி தாழ்வாரம், சுவர்மட்டத்தில் இருந்து மோடு (கூரையின் உச்சி) 3½ அடி உயரம் என்று வைத்தால் சரிவு நீளம் 9¼ அடி வரும். கால் அடி கையில் மிச்சம். அடுக்கிய ஓடு 900 என்றால் உடைசலுக்கு 100, பின்னால் மாற்றுவதற்கு 100 ஒதுக்கி வை. 700 ஓடு 500 சதுர அடிக் கூரைக்குக் காணும். 24 அடி நீளச் சாளைக்கு இரண்டு முனையிலும் ஒன்றரை அடி வெளியே நீட்டினால் கூரை 27 அடி, இரண்டு சரிவும் சேர்ந்து அதே 500 வந்து நிற்கும். இரண்டடிக்கு ஒரு கை போட்டால் பக்கத்துக்கு 15, மொத்தம் 30. இரண்டு கை மிச்சம். இப்படிப் பொருந்தி வருவது அபூர்வம். இதைவிட்டு, பெரிய ஊட்டு அக்கா சொல்கிறாள் என்று 14 அடி அகலத்துக்குப் போனால் கை எட்டாது, ஒட்டுப்போட வேண்டிவரும். ஒட்டுப்போட்ட கை சுமையில் தொங்கும். சுமை எவ்வளவு என்று கேட்டால், ஒரு ஓடு இரண்டரைக் கிலோ வைத்தாலும் 700 ஓடு ஒன்றே முக்கால் டன். ஐப்பசி மழையில் ஊறினால் இரண்டு டன்.

24 அடிக்கு ஒரே மோட்டு விட்டம் கிடைக்காது, கிடைத்தாலும் வேண்டாம். நடுவில் ஒரு குறுக்குச்சுவர் எழுப்பி மோடு வரை கொண்டுபோ. பழைய ஆசாரத்து (கூடத்து) உத்திரங்கள் இரண்டை அதன்மேல் சந்திக்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். இரண்டு அறையும் தானாக அமைந்துவிடும்.

இடிக்கிறவரிடம் இப்போதே பேசி வை. ஓடும் மரமும் கையால் இறங்கிய பிறகுதான் ஜேசிபி வாசலுக்கு வரவேண்டும். கூரையில் ஏறுகிறவர் மோட்டில் ஆரம்பித்துக் கீழே வரவேண்டும், கை இருக்கிற இடத்தில் மட்டும் கால் வைக்கவேண்டும். ஓடுகள் கைமாறிக் கைமாறி இறங்கட்டும், வீசிப் பிடிக்கிற வித்தை வேண்டாம். கீழே மணல் பரப்பி அதன்மேல் குத்துவாக்கில் அடுக்கச் சொல். படுக்கப்போட்டு அடுக்கினால் அடி ஓடு பாரத்திலேயே விரிசல் விட்டுவிடும்.

ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார். வெண்கலச் சத்தம் வந்தால் கூரைக்கு. பொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, தள்ளிவிடு. ரீப்பரில் (கைகளுக்குக் குறுக்கே அடிக்கிற சட்டம்) மாட்டுகிற அடிக்குமிழ் உடைந்ததும் ஆகாது. அப்புறம் பின்பக்கத்து முத்திரையைப் பார்த்துக் கம்பெனிவாரியாகப் பிரி. மங்களூர் ஓடு, ஃபெரோக் ஓடு, திருச்சூர்ப் பக்கத்து ஓடு எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஓரத்துப் பள்ளமான காடி மட்டும் ஒன்றோடொன்று சேராது. சேராத இடத்தில் சாரல் உள்ளே வரும். கலந்துதான் ஆகவேண்டும் என்றால் ஒரு சரிவுக்கு ஒரு கம்பெனி. முத்திரையில் 1865 என்று இருந்தால் 'நூற்றைம்பது வருச ஓடு' என்று எவனாவது விலை ஏற்றுவான், ஏமாறாதே. அது மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் தொழிற்சாலை ஆரம்பித்த வருசம். ஓடு சுட்ட வருசம் வேறு.

ரீப்பரை மட்டும் புதிதாக வாங்கு. பழைய ரீப்பரில் ஆணித்துளை மேல் ஆணித்துளையாக இருக்கும், மறுபடி அடித்தால் பிளக்கும். இரண்டுக்கு ஒன்று அங்குலம், மொத்தம் 540 அடி ஓடும், சேதாரத்துக்கு 600 வாங்கு. இடைவெளி எவ்வளவு என்று மேஸ்திரியைக் கேட்காதே, உன் ஓட்டிடமே கேள். 11 ஓடுகளைத் தரையில் மாட்டி வரிசையாக வை. முதல் ஓட்டின் மேல் நுனியில் இருந்து பதினோராவதின் மேல் நுனி வரை, நன்றாக இழுத்துவைத்து ஓர் அளவு, நெருக்கிவைத்து ஓர் அளவு. இரண்டுக்கும் நடுவான எண்ணைப் பத்தால் வகுத்தால் அதுதான் ரீப்பர் இடைவெளி. 12½ அங்குலத்தை ஒட்டி வரும், சரிவுக்கு 9 வரிசை ஓடு, தாழ்வாரத்துக் கடைசி ரீப்பரோடு 10 ரீப்பர். தாழ்வாரத்துக் கடைசி ரீப்பர் மட்டும் ஓட்டுக் கனம் அளவுக்கு உயர்ந்து நிற்கவேண்டும். அதற்குக் கீழே தாங்க ஓடு கிடையாதே. உயர்த்தாவிட்டால் முதல் வரிசை மூக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும், அடுத்த வரிசை வாய் பிளக்கும்.

காற்றைச் சொல்ல மறந்தால் கை கூசும். பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற காற்று ஆனி ஆடியில் உங்கள் காங்கயம் பக்கம் என்ன ஆட்டம் போடும் என்று உனக்குத் தெரியும், பல்லடத்துக் காற்றாலையெல்லாம் அதை நம்பித்தான் நிற்கிறது. சாளையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். வெயிலும் குறையும், காற்றும் சரிவில் மோதாமல் முக்கோணச் சுவரில் மோதும். ஆனால் மேற்குத் தலையில் வெளியே நீட்டிய ஒன்றரை அடி ஓட்டைத்தான் காற்று முதலில் பிடுங்கும். அங்கே ஓர ஓடுகளை ரீப்பரோடு கம்பியால் கட்டு (சில ஓட்டின் அடியில் அதற்கென்றே துளை இருக்கும்), அல்லது சுண்ணாம்புக் கலவையில் பதி. தாழ்வாரத்து முதல் வரிசைக்கும் இதேதான். சுவர்மேல் கிடக்கிற விட்டத்தை வெறுமனே வைத்துவிடாதே. 4 அடிக்கு ஒரு 10 எம்எம் கம்பி, சுவருக்குள் 2 அடி இறங்கியது, விட்டத்தை வளைத்துப் பிடிக்கவேண்டும்.

மரத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ஒரு நோட்டு தீரும், சுருக்கிச் சொல்கிறேன். குத்தூசியால் குத்திப் பார், கால் அங்குலத்துக்குமேல் சுலபமாக இறங்கினால் விறகு. வண்டு துளையில் புது மாவு உதிர்ந்தால் உள்ளே இன்னும் குடித்தனம் நடக்கிறது என்று அர்த்தம், தனியாக வை. ஆணி எல்லாம் பிடுங்கிவிட்டோம் என்று சித்தாள் சொன்னாலும் காந்தத்தை ஒருமுறை ஓட்டு, தலை அறுந்த ஆணி ஒன்று போதும், ஆசாரியின் இழைப்புளி போயிற்று. செல்லுக்கும் (கறையான்) வண்டுக்கும் 40 லிட்டர் சுடுதண்ணீரில் 1,200 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 800 கிராம் போரிக் ஆசிட்டும் கரைத்து, காய்ந்த மரத்தில் மூன்று பூச்சு. வெட்டிய முனைகளை அதிலேயே ஊறவை. மழை பட்டால் கரைந்து போகும் மருந்து, அதனால் கூரைக்கு அடியில் இருக்கிற மரத்துக்குத்தான் இது. வேஸ்ட் ஆயில் அடிக்கச் சொல்லி ஒருவர் வருவார், கட்டாயம் வருவார். படுத்துத் தூங்குகிற அறைக்குள் அந்தக் கருமம் வேண்டாம். நெலவு (கதவு நிலை) மூன்றும் நின்றபடி அளந்து எழுது. பழைய நெலவு உயரம் குறைவு, உன் ஊட்டுக்காரர் தலையில் இடிக்கும். அடியில் ஒரு கருங்கல் படி கொடுத்துத் தூக்கிவிட்டால் உயரமும் சரியாகும், செல்லும் எட்டாது.

சுவருக்கு அதிகம் கவலைப்படாதே. தரையில் இருந்து 3 அடி வரை பழைய கடைக்கால் கருங்கல், அதற்குமேல் செங்கல். குறுக்குச்சுவர், முக்கோணம் எல்லாம் சேர்ந்து 410 சதுர அடி, 9 அங்குலச் சுவருக்கு அடிக்கு 9 கல் போட்டால் 3,690 வரும். உனக்கு வருகிற 4,000 கல்லில் பத்தில் ஒன்று உடைந்தாலும் ஏறக்குறையச் சரியாகும், குறைகிற 90-ஐ அரைக்கல்லை வைத்து ஒப்பேற்றலாம். உன் கல் பழைய சப்பைக் கல்லாக இருந்தால் கணக்கு மாறும். கலவை இல்லாமல் ஓர் அடிக்கு அடுக்கி எண்ணிப் பார். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் கட்டிக்காட்டிய எலிப்பொறிக் கட்டு (கல்லைக் குத்தாக வைத்து நடுவில் வெற்றிடம் விடுகிற கட்டு) வைத்தால் கால் பங்கு கல் மிச்சம் என்று நீ படித்தது நிஜம்தான். ஆனால் அதற்குக் கல் ஒரே அளவாக இருக்கவேண்டும், ஒன்று பெருத்து ஒன்று சிறுத்த கல்லில் கோடு நிற்காது. கலவை சிமெண்ட் 1:8 போதும், சுண்ணாம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. உனக்கு இந்தக் கல் முழுசாகக் கிடைக்கிறதே அந்தக் காலத்துச் சுண்ணாம்பால்தான். சிமெண்ட் கட்டாக இருந்தால் பாதி தூள்தான் வந்திருக்கும்.

இனி அந்தச் சீட்டு.

முப்பது வருசத்துக்கு முந்தின தறிக்குடோன் என்றால் அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சீட்டு என்றே வைத்துக்கொள். இப்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சீட்டும் வருகிறது, கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. சீட்டில் பத்துக்கு ஒரு பங்குபோல அந்த நார் இருக்கும், சிமெண்ட் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். கூரையில் முழுசாக, கை படாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. கழற்றும்போதுதான் வினை. துருவேறிய கொக்கி போல்ட் சுற்றாது, சுத்தியலால் அடிப்பார்கள், சீட்டு உடையும். உன்னிடம் கொண்டுவந்து அளவுக்கு அறுப்பார்கள், புதுத் துளை போடுவார்கள். அந்தத் தூசியில் இருக்கிற நார் கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்றே பட்டியலிட்டிருக்கிறது. 60க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் விற்கிறார்கள், சட்டப்படிதான் விற்கிறார்கள். ஆனாலும் 1995-இல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருசம் வைத்திருக்கவேண்டும் என்று சொன்னது. நோய் அத்தனை காலம் கழித்து வரும். நமக்கு வயசாகிவிட்டது என்று நீ சிரிப்பாய். லீவுக்கு வருகிற பேரப்பிள்ளைகளுக்கு ஆகவில்லையே.

அதைவிட எனக்குப் பயம் உடைந்த துண்டுகள் மேல். கட்டுத்தரைப் பள்ளத்திலும் இட்டேரி வண்டித்தடத்துச் சேற்றிலும் அதைக் கொட்டி நிரவுவது நம் பக்கத்து வழக்கம். டிராக்டர் டயர் அதை மாவாக அரைக்கும், கோடையில் காற்று எடுத்துக்கொண்டு போகும். ஆட்டுக்குத்தானே என்று எழுதியிருந்தாய். பட்டியைக் கூட்டுவது ஆடா, நீதானே? அந்தக் கூரை மழைத்தண்ணீரைத் தொட்டிக்கு விடுகிற எண்ணம் இருந்தால் அதையும் விடு.

கொழுந்தனார் எப்படியும் கழற்றப்போகிறார் என்றால் இதையாவது சொல்: தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே கழற்றவேண்டும், போல்ட்டை அறுக்கலாம், சீட்டை உடைக்கக்கூடாது, முழுசாகக் கயிறு கட்டி இறக்கவேண்டும், மூக்கில் கட்டுகிற துண்டு போதாது, என்95-உம் போதாது, பி100 அல்லது எஃப்எஃப்பி3 தர முகக்கவசம் வேண்டும், தூசியை உலர்வாகக் கூட்டக்கூடாது, கனமான பாலிதீனில் சுற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்டு அவர்கள் சொல்கிற இடத்தில் ஒப்படைக்கவேண்டும். போட்ட உடுப்பை ஊட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது.

பட்டிக்குக் கூரை வேண்டுமே என்பாய். நீ வாங்கிய 14 கல்லுக்காலை 2 அடி புதைத்து நிறுத்து. கல் நேர்ச்சுமை தாங்கும், பக்கவாட்டு இழுப்பு தாங்காது, அதனால் கேட்டை மட்டும் அதில் தொங்கவிடாதே. மேலே மூங்கில், அதன்மேல் பழைய பிளக்ஸ் பேனர், அதன்மேல் தென்னந்தடுக்கு. பிளக்ஸ் வெயிலில் கிடந்தால் சீக்கிரம் பொடிந்துவிடும், தடுக்குக்கு அடியில் நிழலில் தாங்கும். அச்சடித்த பக்கம் கீழே இருக்கட்டும், தலைவர்கள் எல்லாம் கும்பிட்ட கையோடு ஆட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அடுப்பு மட்டும் அந்தப் பக்கம் கூடாது. ஆடு நிற்கப் பரண் போடுகிறாய் என்றால் சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி ஒன்றில் இருந்து ஒன்றரை சென்டிமீட்டர், கூடினால் குட்டியின் கால் மாட்டும். திருப்பூர் சாயப்பட்டறை நீல டிரம் சாணி கரைக்கவும் பஞ்சகவ்யத்துக்கும் சரி, குடிக்கிற தண்ணீருக்கு ஆட்டுக்கும் வேண்டாம்.

நெலவு அளவு, செங்கல் அளவு, ஓட்டு முத்திரை மூன்றையும் உடனே எழுது. கொழுந்தனாரிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வராவிட்டால் என் தலையில் போடு. அவருக்கு ஏற்கெனவே என்னைப் பிடிக்காது, புதிதாகக் கெட்டுப்போக ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
கோபிக்காரி