இடைவேளை வடை ஏன் நின்றது: டாலஸ் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தமிழ்ப் படம் பார்க்க வருகிறவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: "முன்பு இடைவேளையில் டீயும் வடையும் கொடுத்தீர்களே, ஏன் நிறுத்திவிட்டீர்கள்? காட்சி நேரத்தையும் முன்கூட்டிச் சொல்வதில்லையே?" கடையில் பில் போட்டுக்கொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது.

ஆரம்பத்தில் எங்கள் கடை சார்பில் நாங்களே ஒற்றைத் திரை அரங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஞாயிறு மதியம் ஒரே காட்சி ஓட்டினோம். படப்பெட்டி விமானத்தில் வந்து சேர்ந்தால்தான் படம். அரங்கு எங்கள் பொறுப்பில் இருந்ததால் வடைக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த அரங்கை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன; இப்போது நம் படங்கள் பெரிய நிறுவனங்களின் பல திரை அரங்குகளில்தான் ஓடுகின்றன. இன்னும் அந்தப் பக்கம் போனால் மனசு கனக்கிறது.

ஒற்றைத் திரைகள் ஏன் தாக்குப்பிடிக்கவில்லை? அமெரிக்காவில் 1948 வரை பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோக்களே நகரத்து அரங்குகளைச் சொந்தமாக வைத்திருந்தன. படம் எடுப்பவரே அரங்கையும் கையில் வைத்திருக்கக் கூடாது என்று அந்த வருடம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், பாரமவுண்ட் முதலிய ஸ்டுடியோக்கள் மீதான வழக்கில் வந்த தீர்ப்பு அதை உடைத்தது. அதே காலத்தில் மக்கள் புறநகருக்குக் குடிபோனார்கள். அரங்குகளும் கார் நிறுத்த இடமுள்ள ஷாப்பிங் சென்டர்களைத் தேடிப் போயின. 1963-இல் ஏ.எம்.சி. என்ற அரங்கு நிறுவனத்தின் ஸ்டான்லி டர்வுட், கான்சஸ் சிட்டியில் அப்படி ஓர் இடத்தில் இரண்டு திரைகளை ஒரே கூரையின்கீழ் திறந்தார். பாப்கார்ன் விற்க ஓர் இடம், ஆபரேட்டருக்கு ஓர் அறை, வசூல் மட்டும் இரண்டு. இந்தக் கணக்குதான் ஒரே நிறுவனம் பல ஊர்களில் நடத்தும் சங்கிலி அரங்குகளை வளர்த்தது. 1995-இல் நம் டாலஸிலேயே 24 திரைகளோடு ஏ.எம்.சி. கிராண்ட் வந்துவிட்டது. அப்புறம் ஆளாளுக்குக் கட்டித் தள்ளியதில் 2000, 2001-இல் பல நிறுவனங்கள் திவாலாயின. தப்பியவை ஒன்றையொன்று வாங்கிப் பெருத்தன. இன்று ஏ.எம்.சி., ரீகல், பக்கத்து பிளேனோவில் தலைமையகம் வைத்திருக்கும் சினிமார்க் ஆகிய மூன்றும்தான் முன்னணியில் இருக்கின்றன.

இதில் நமக்கு நன்மையும் உண்டு. ஒற்றைத் திரைக்காரர் நூறு பேருக்காக வெள்ளிக்கிழமை மாலையை விட்டுத்தர மாட்டார். இருபது திரை வைத்திருப்பவருக்கு எல்லாவற்றையும் நிரப்பியாக வேண்டும். நம் மொழிக்கு வாரம் முழுதும் தினசரிக் காட்சி கிடைத்தது அப்படித்தான். பெட்டி போய், ஹார்டு டிஸ்க்கில் படம் வரத் தொடங்கியதும் செலவும் குறைந்தது.

சரி, வடைக்கு வருவோம். முதல் வார டிக்கெட் பணத்தில் பாதிக்கு மேல் விநியோகஸ்தருக்குப் போவது வழக்கம். அரங்குக்கு லாபம் பாப்கார்னிலும் குளிர்பானத்திலும்தான், அதனால் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. இடைவேளைக்குப் பதினைந்து நிமிடம் விட்டால் அடுத்த காட்சி தள்ளிப்போகும் என்று அதையும் எடுத்துவிட்டார்கள். காட்சி நேரமும் எங்கள் கையில் இல்லை. வார இறுதி வசூலைப் பார்த்துத் திங்கட்கிழமைதான் அடுத்த வாரத்தை முடிவு செய்கிறார்கள். நேரம் தெரிந்த உடனே உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுகிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிடித்த படத்தை முதல் மூன்று நாட்களுக்குள் பார்த்துவிடுங்கள். கூட்டம் இல்லையென்றால் மறுவாரம் அந்தத் திரை நமக்குக் கிடைக்காது.

படம் முடிந்ததும் டிக்கெட்டோடு கடைக்கு வாருங்கள். இரவுக் காட்சி விடும் வரை திறந்திருப்போம். வடை சூடாக இருக்கும், டீ எங்கள் செலவு.

அன்புடன்,
கடையில் உள்ள அனைவரும்