தொழில் வரியையும் சொத்து வரியையும் வசதிக்கேற்பச் சீரமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
பெரம்பூர், சென்னை – 600 011.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
நிதித்துறை, தலைமைச் செயலகம்,
புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை – 600 009.

பொருள்: மாநில வருவாய்ப் பற்றாக்குறையைக் குறைக்க வரிச் சீரமைப்பு – வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் வருவாய்ப் பற்றாக்குறை சுமார் 41,635 கோடி ரூபாய் என்று படித்தேன். அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குகிற நிலை. வரியைக் கூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கூட்டுங்கள், அதை எதிர்த்து நான் எழுதவில்லை. யாரிடம் கூட்டுவது என்பதில்தான் என் கோரிக்கை.

வருமான வரி ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. சம்பளக்காரரிடம் இங்கே பிடிப்பது தொழில் வரி. எங்கள் எதிர்வீட்டுப் பெண் புரசைவாக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள், மாதம் 15,000 ரூபாய். அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டிவிடுவதால் அவளுக்கு அரையாண்டுக்கு 1,250 ரூபாய் வரி. என் தங்கை மகன் பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனத்தில் மாதம் 3 லட்சம் வாங்குகிறான். அவனுக்கும் அதே 1,250தான். அவளுக்கு இது இரண்டரை நாள் சம்பளம். அவனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரச் சம்பளம்தான்.

அரசியலமைப்பின் 276-வது பிரிவு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்கிறது. 1988-ல் வைத்த வரம்பு அது. அப்போது 2,500 ரூபாய் எவ்வளவு பெரிய பணம் என்று அன்றைக்குச் சம்பளம் வாங்கிய எனக்குத் தெரியும். இந்த வரம்பால் 2024-ல் சென்னையில் தொழில் வரியைத் திருத்தியபோது கீழ்ப்படியில் 135 ரூபாய் 180 ஆனது. மேல்படி 1,250 அப்படியே நின்றது. வரம்பை உயர்த்தும்படி தமிழக அரசு ஒன்றிய அரசை விடாமல் வலியுறுத்த வேண்டும். அதற்குக் காத்திருக்காமல் விலக்கு வரம்பையாவது உயர்த்துங்கள். அரையாண்டு வருமானம் 21,000 வரைதான் விலக்கு என்றால் மாதம் 3,500 ரூபாய். சென்னையில் அதில் யார் குடும்பம் நடத்த முடியும்?

அப்புறம், சொத்து வரி. 1998-க்குப் பிறகு 24 ஆண்டுகள் நிலைத்த உயர்வு இல்லாமல் விட்டுவிட்டு, 2022-ல் ஒரேயடியாக ஏற்றினார்கள். பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குள் 50 சதவீதம், 1,800-க்கு மேல் 150 சதவீதம் என்று படி வைத்தது நியாயம்தான், மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படி சரியாக இருந்தும் அளவு தவறினால் என்ன பயன்? என் வீடு 580 சதுர அடி, ஒரு அடி பிசகாமல் பதிவாகியிருக்கிறது. அதே தெருவில் கீழே கடையும் மேலே இரண்டு மாடியுமாக வளர்ந்துவிட்ட ஒரு கட்டடத்துக்கு இன்னும் பழைய வீட்டுக் கணக்கிலேயே வரி போகிறது. விகிதத்தை மறுபடி உயர்த்தும் முன் வணிகக் கட்டடங்களையும் மாடி ஏறிய கட்டடங்களையும் நேரில் அளந்து பதிவைத் திருத்த வேண்டும்.

இந்த இரண்டு வரியும் மாநகராட்சிக்குப் போகிற பணம் என்பது தெரியும். மாநகராட்சி சொந்தக் காலில் நின்றால் கோட்டை கொடுக்க வேண்டிய மானியச் சுமை குறையும். அதனால்தான் இதை நிதித்துறைக்கே எழுதுகிறேன்.

விலக்கு வரம்பு, மறு அளவீடு இரண்டுக்கும் நகராட்சி நிர்வாகத் துறையுடன் பேசி ஆணை பிறப்பிக்கும்படியும், எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்தில் தெரிவிக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: சொத்து வரி ரசீது நகல்.