மாதிரி விமானச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயற்குழு தவறாமல் கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல நடந்தது. பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் பயணம் போய் எச்.ஏ.எல். தயாரித்த மாருத் போர் விமானத்தைப் பார்த்து வந்தோம். பள்ளிக் கண்காட்சியும் நல்லபடியாக முடிந்தது.

இந்த ஆண்டு எடுத்துச் செய்த பெரிய வேலை, புதியவர்கள் எல்லோரும் ஒரே கிட்டை (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் மாடல் பாகங்கள் அடங்கிய பெட்டி) கட்டும் ஞாயிறு வகுப்பு. ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 (நிஜ அளவில் 72-ல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் மார்க் 1-ஐத் தேர்ந்தெடுத்தோம்; இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானம் அது. ஜெட் விமானம் வைத்திருக்கலாமே என்று செயற்குழுவிலேயே கேள்வி வந்தது. அதற்கான பதிலைப் பதிவு செய்வது என் கடமை. நிஜ விமானத்தின் இறக்கை வீச்சு 36 அடி 10 அங்குலம், கிட்டில் 15.6 சென்டிமீட்டர். விலை குறைவு, பாகங்களும் குறைவு, ஆனால் கற்க வேண்டியது அத்தனையும் அதில் இருக்கிறது. வால்சக்கர விமானம் என்பதால் மூக்குக்குள் ஈயக்குண்டு வைக்கும் வேலையும் இல்லை. பி-25 மிட்செல், பி-38 லைட்னிங் போன்ற முன்சக்கர விமானங்களில் அதை மறந்து உடலை ஒட்டிவிட்டால், மாடல் வாலில் உட்கார்ந்துவிடும். பிறகு திறப்பது பெரும்பாடு.

வகுப்பில் அதிக நேரம் எடுத்தது இறக்கைதான். கீழ்ப்பகுதி ஒரே துண்டு, மேல்பகுதி இரண்டு. நுனிகள் சற்றே தாழ்ந்து போனால் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் நூலளவு சந்து விழும். பலர் உடனே சந்தை அடைக்கும் புட்டிப் பசையை எடுக்கிறார்கள். தேவையே இல்லை. ஒரு நுனியிலிருந்து காக்பிட்டுக்கு மேலாக மறு நுனிவரை மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டினால், இரண்டு நுனியும் எழும்பிச் சந்து தானாக மூடிக்கொள்ளும். அந்த நிலையில் நீர்த்த பிளாஸ்டிக் சிமென்ட்டை (மாடல் ஒட்டும் பசை) தூரிகை நுனியால் தொட்டால் போதும், மூட்டு முழுக்க ஓடிவிடும். ஓர் இரவு கழித்து டேப்பை எடுக்கலாம்.

அடியில் வலது இறக்கைக்குப் பெரிய ரேடியேட்டர், இடது இறக்கைக்குச் சிறிய ஆயில் கூலர். முதன்முதலாகக் கட்டுகிறவர்கள் பாகம் மாறி வந்துவிட்டது என்று பெட்டியோடு வந்து நிற்பார்கள். நிஜ விமானமே அப்படித்தான். சக்கரக் கால்கள் உடலுக்கு அருகே தொடங்கி வெளிப்பக்கமாக மடிகின்றன; அதனால் தரையில் இரு சக்கரங்களுக்கும் இடைவெளி குறைவு. கையால் பொருத்திப் பார்த்தவருக்கு, அந்த விமானம் தரையில் ஏன் தடுமாறியது என்று யாரும் விளக்க வேண்டாம். கிட் கட்டுவதன் பலன் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. நூறு படம் பார்த்தாலும் இது கண்ணில் படாது.

ஐப்பசி, கார்த்திகையில் பெயின்ட் வேலையை நிறுத்தி வைத்ததற்குச் சிலர் கோபித்துக்கொண்டார்கள். சென்னை ஈரக்காற்றில் லேக்கர் வார்னிஷ் வெள்ளை பூத்துப் போகும். காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷின் குழாயில் நீர் தேங்கி பெயின்ட்டோடு தெறிக்கும். டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) ஒட்டும் முன் பளபளப்பான, நிறமற்ற கிளியர் கோட் கட்டாயம். சொரசொரப்பான மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மினுங்கும். காக்பிட் கண்ணாடிக்கு ஃபெவிகால் போதும். சூப்பர் குளூவின் ஆவி அதை மங்கடித்துவிடும்.

இனி, சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. கிட்டுகளைச் சங்கமே மொத்தமாக வாங்கித் தவணையில் கொடுத்தது. வாங்கியவர்களில் கணிசமானோர் இறக்கை ஒட்டும் கட்டத்துக்குக்கூட வரவில்லை. பணமும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. பரணில் சூட்டில் கிடக்கும் பெட்டியில் டெக்கால் மஞ்சளாகி, தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகும். நேரமில்லை என்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். கட்டுவதற்கு ஆள் காத்திருக்கிறார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று தரும் கம்ப்ரசர் வாங்கியதில் செலவு சற்றுக் கூடியிருக்கிறது. சந்தா முழுவதும் வந்திருந்தால் பற்றாக்குறை வந்திருக்காது.

இடம் தந்து உதவியவர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டு, அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானமான ஹரிக்கேன் கட்ட எண்ணம். அதன் சக்கரங்கள் உட்பக்கமாக மடிபவை. ஸ்பிட்ஃபயர் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தானே தெரியும். முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டுமே கிட். ஞாயிறு காலையில் அறையைத் திறந்து வகுப்பை நடத்த இன்னும் இருவர் பொறுப்பேற்றால்தான் இது தொடரும். பெயர் தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும். சந்தா பாக்கியையும் அப்போதே செலுத்தலாம்.

இப்படிக்கு,
செயலாளர்