நல்லூர் திருவிழாவில் வாகனத் தரிப்பிடம் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பி, தங்கச்சிமாருக்கு,

கொடியேறினால் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வளவுகளில் காருக்கும் வானுக்கும் இடம் கொடுப்பது நீங்கள்தான். நித்திரையான பிள்ளையை எழுப்ப மனமில்லாமல், "ஓடிப்போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறோம்" என்று பூட்டிவிட்டுப் போகிறவர்களைக் காண்பவர்களும் நீங்களே. ஆஸ்பத்திரியின் சிறுவர் விடுதியில் தாதியாக இருந்தவள் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

வெயிலில் பூட்டிய காருக்குள் 10 நிமிடத்திலேயே சூடு 10 பாகை அளவு ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் பெரிதாகக் குறையாது. சின்னப்பிள்ளையின் உடம்போ பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். உட்சூடு 40 பாகையைத் தாண்டினால் மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் பழுதாகத் தொடங்கும்.

பிள்ளை தனியே இருந்து, கதவும் திறக்காவிட்டால், பிள்ளைக்குத் தூரமான பக்கக் கண்ணாடியை மூலையில் அடித்து உடையுங்கள். சொந்தக்காரர் ஏசினால் ஏசட்டும்.

பெரியாஸ்பத்திரி கிட்டத்தானே என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறத்தான் எல்லாருக்கும் தோன்றும். அந்தச் சனத்துக்குள் ஓட்டோ எப்போது போய்ச் சேரும்? பிள்ளை சோர்ந்துபோய்க் கூப்பிட்டும் கண் திறக்காவிட்டால், வலிப்பு வந்தால், அந்த இடத்திலேயே குளிரவைக்க வேண்டும். ஒருவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுக்கட்டும். மற்றவர் பிள்ளையை நிழலில் கிடத்தி, பட்டுச்சட்டை, பம்பஸ் எல்லாவற்றையும் கழற்றி, முகத்தில் படாமல் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றட்டும். கார்ட்போர்ட் மட்டையால் விடாமல் விசிறுங்கள். தண்ணீர்ப்பந்தலில் ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, கமக்கட்டு, தொடையிடுக்கில் வையுங்கள். தடிமன் பிடிக்கும் என்று யாராவது தடுப்பார்கள், கேட்காதீர்கள். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவும் வேண்டாம்.

வியர்க்கிறதே, பயமில்லை என்று நினைக்காதீர்கள். வியர்வையோடும் இந்தச் சூட்டுத் தாக்கம் வரும். பனடோல் வேண்டாம். இது காய்ச்சல் இல்லை, பனடோலுக்கு இந்தச் சூடு இறங்காது. மயங்கிய பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறும். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் சரித்து வையுங்கள். மூச்சு இல்லையென்றால், முதலுதவி பழகியவர் உடனே நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். துண்டு கொடுக்கும்போதே பின் சீற்றை எட்டிப் பாருங்கள். பிள்ளை படுத்திருந்தால், தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள், இல்லையென்றால் இடம் கொடுக்காதீர்கள். துண்டு எழுதும் மேசைக்குக் கீழே நிரப்பிய வாளி இரண்டு, ஒரு சுத்தியல், இரண்டு துவாய் கொடியேற்றத்தன்றே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி,
யாழ்ப்பாணம்